ஆறு இலக்கம் கேட்ட சித்தி

மஸ்கெலியா வாசகி: சித்தியின் வட்ஸ்அப்பிலிருந்து, "உனக்கு ஒரு கோட் மாறி வந்திருக்கும், அனுப்பு" என்று மெசேஜ் வந்தது. அனுப்பினேன். என் கணக்கே போய்விட்டது. போனில் வைரஸா?

வைரஸ் இல்லை, சித்தியும் இல்லை. அவர் கணக்கு உங்களுக்கு முன்பே பறிபோயிருக்கும். திருடன் தன் போனில் உங்கள் இலக்கத்தைப் போட்டு வட்ஸ்அப்பைத் திறக்கப் பார்த்தான். அதற்கு வந்த கோட்தான் அந்த ஆறு இலக்கம். உடனே உங்கள் போனில் மறுபடி பதிவு செய்யுங்கள். புதுக் கோட்டைப் போட்டதும் அவன் வெளியே போய்விடுவான். உங்களுக்குத் தெரியாத பின் நம்பர் (PIN) ஒன்றைக் கேட்டால், அது அவன் போட்ட பூட்டு, 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்பார்கள். ஏழு நாள் பொறுக்க வேண்டும். கணக்கு கைக்கு வந்ததும் அந்தப் பூட்டை நீங்கள் போடுங்கள். அதற்கு முதல் சொந்தக்காரர்களுக்குச் சாதாரண கோல் எடுத்துச் சொல்லுங்கள். இந்நேரம் உங்கள் பெயரில் டுபாய் அண்ணனிடம் பணம் கேட்டிருப்பான்.

ஹட்டனில் கொமியூனிகேஷன் நடத்துபவர்: பிரிண்ட் எடுக்க வருகிறவர்களின் பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிகிறது. கடையில் இருப்பது விண்டோஸ் 7.

ஷார்ட்கட் வைரஸ் பழைய ஆள். பெரும்பாலும் கோப்புகள் அழிவதில்லை, ஒளிந்துதான் இருக்கும். ஷார்ட்கட்டை மட்டும் திறக்காதீர்கள். எனக்குப் பயம் விண்டோஸ் 7 மேல்தான். அதற்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், உலகத்தை ஆட்டியபோது, அது நுழையும் ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். உங்களுக்கு இனி பேட்ச்சே கிடையாது. பேக்கப்பைக் கழற்றி வைக்கக்கூடிய டிஸ்க்கில் எடுங்கள். 2023 ஆகஸ்டில் நம் அரசாங்க மின்னஞ்சலை ரான்சம்வேர் பிடித்தபோது, இணைப்பிலிருந்த பேக்கப்பும் சேர்ந்தே போனது. இன்னொன்று: ஸ்கேன் செய்த அடையாள அட்டைகள் டெஸ்க்டொப்பில் குவிந்து கிடக்குமே, மாலையில் கடை பூட்டும்போது அழித்துவிடுங்கள்.

தலவாக்கலை: பார்சல் வந்திருக்கிறது, கட்டணம் கட்டுங்கள் என்று லிங்க்கோடு எஸ்எம்எஸ்?

அழியுங்கள். சந்தேகமென்றால் தபால் கந்தோருக்கு நடந்து போய்க் கேளுங்கள். கார்ட் விபரம் கொடுத்துவிட்டிருந்தால் முதலில் வங்கிக்கு எடுத்து கார்டை நிறுத்துங்கள், அப்புறம் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கு எடுங்கள்.

பண்டாரவளை ஆசிரியர்: எழுத்துப் பிழையை வைத்தே மோசடியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். சரிதானே?

முன்பு சரி. "அன்பே வாடிக்கையாளர்" என்று வந்த காலம் அது. இப்போது ஏஐ பிழையில்லாமல் தமிழ் எழுதுகிறது, தெரிந்தவர் குரலில் பேசவும் செய்கிறது. அவசரமாகப் பணம் கேட்டால் வைத்துவிட்டு, உங்களிடம் இருக்கும் பழைய இலக்கத்துக்கு நீங்களே எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், லயத்தில் பக்கத்து வீட்டு நாயின் பெயரைக் கேட்கலாம்.