மேயர் இல்லாத ஊரில் யாரைக் கேட்பது?

அன்புள்ள ஐயா,

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஹசியண்டா ஹைட்ஸில் இருக்கிறோம். குடியுரிமை வாங்கி இப்போதுதான் ஓட்டுப் போட ஆரம்பித்திருக்கிறேன். எங்கள் ஊருக்கு மேயரும் கிடையாது, நகராட்சியும் கிடையாது, எல்லாமே கவுன்டி, அதாவது மாவட்டம் மாதிரியான அமைப்பின், சூப்பர்வைசர்கள்தான் என்கிறார்கள். மொத்த கவுன்டிக்கும் ஐந்தே பேரா? அவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? மெஷர் ஜி என்று 2024இல் மக்கள் வாக்கெடுப்பில் ஒன்று நிறைவேறியதே, அதனால் ஏதாவது மாறுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆமாம், ஐந்தே பேர்தான். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இருக்கிறார்கள், அப்படியென்றால் ஒரு சூப்பர்வைசருக்கு 20 லட்சம் பேர். அமெரிக்க காங்கிரஸில் ஒரு பிரதிநிதிக்கே எட்டு லட்சத்துக்கும் குறைவாகத்தான் வரும். கவுன்டியின் அடிப்படைச் சட்டமான சாசனம் 1913இல் நடைமுறைக்கு வந்தபோது மக்கள்தொகை ஐந்து லட்சத்தை ஒட்டி இருந்தது, போர்டில், அதாவது சூப்பர்வைசர்கள் குழுவில், ஐந்து இடம். மக்கள் இருபது மடங்கு பெருகிவிட்டார்கள், இடம் அதே ஐந்து. கூட்டலாம் என்று முன்பு சில தடவை வாக்கெடுப்புக்கு வந்தபோதெல்லாம் தோற்றுப்போனது.

தேர்தல் முறை எளிது. நான்கு வருடப் பதவி. ஒரு சூப்பர்வைசருக்கு ஒரு தொகுதி. 2, 4, 5ஆம் தொகுதிகளுக்கு ஜனாதிபதி தேர்தல் நடக்கும் வருடத்தில், 1, 3க்கு இடைப்பட்ட வருடத்தில். ஓட்டுச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் வாங்கிவிட்டால் முடிந்தது, இல்லையென்றால் முதல் இரண்டு பேர் நவம்பரில் மோதுவார்கள். 2002இல் கொண்டுவந்த விதிப்படி ஒருவர் தொடர்ந்து மூன்று தடவைக்கு மேல் இருக்க முடியாது. அதற்கு முன் வரம்பே இல்லை, கென்னத் ஹான் 1952இலிருந்து 1992 வரை நாற்பது வருடம் இருந்தார். போர்டு கூடுகிற கட்டடத்துக்கு அவர் பெயர்தான், அவர் மகள் ஜானிஸ் ஹான் இன்றைக்கு போர்டில் இருக்கிறார்.

தொகுதிகளின் எல்லையை யார் வரைகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். முன்பு சூப்பர்வைசர்களே வரைந்துகொண்டார்கள். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான லத்தீனோ மக்கள் ஓரிடத்தில் பெரும்பான்மை ஆகாதபடி கோடு போட்டிருக்கிறார்கள் என்று 1990இல் கார்சா வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோட்டை மாற்றி வரைந்தார்கள், 1991இல் குளோரியா மொலினா ஜெயித்தார், அந்த போர்டில் உட்கார்ந்த முதல் பெண் லத்தீனோ அவர். கோடு மாறியதும் முடிவு மாறிவிட்டது பாருங்கள். 2021இலிருந்து அந்த வேலை 14 பேர் கொண்ட தனி ஆணையத்திடம் போய்விட்டது, ரொம்ப நல்ல காரியம்.

அப்புறம், என்னை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஐந்து பேர்தான் சட்டம் போடுகிறார்கள், இவர்களே நிர்வாகமும் செய்கிறார்கள். தலைமை நிர்வாக அதிகாரியை நியமிப்பதும் இவர்கள்தான். கவுன்டி போலீஸ் தலைவரான ஷெரிஃபை மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கிறோம், ஆனால் 2022இலிருந்து உரிய காரணம் இருந்தால் ஐந்தில் நான்கு பேர் சேர்ந்து அவரையும் நீக்கலாம். கவுன்டிக்குள் 88 நகரங்கள் இருக்கின்றன, அங்கெல்லாம் சாலை, விளக்கு, கட்டட அனுமதி என்று கேட்க நகராட்சி இருக்கிறது. உங்கள் ஊர் மாதிரி நகரமாகப் பதிவாகாத இடங்களில் சுமார் பத்து லட்சம் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு நகராட்சியும் இந்த போர்டுதான்.

அது ஆபத்து நேரத்தில் என்னவாகிறது என்பதை இதே கவுன்டியில் இருக்கிற அல்டடீனாவில் பார்த்தோம். உங்கள் ஊர் மாதிரியே அதற்கும் மேயர் கிடையாது, டவுன் கவுன்சில் என்று ஒன்று உண்டு, ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். 2025 ஜனவரி 7ஆம் தேதி சாயங்காலம் ஈட்டன் தீ என்ற காட்டுத்தீ பிடித்தது. ஊரின் கிழக்குப் பகுதிக்கு அன்றிரவே வெளியேறச் சொல்லி உத்தரவு போனது, லேக் அவென்யூவுக்கு மேற்கே இருந்தவர்களுக்கோ விடியற்காலை மூன்று மணிக்கு மேல்தான் போனது. இறந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே மேற்குப் பக்கத்தவர்கள், அதில் வயதானவர்கள் நிறைய. தீயணைப்புத் துறை, ஷெரிஃப், அவசரகால அலுவலகம் என்று பொறுப்பு பிரிந்து கிடக்கும்போது கடைசியில் யாரை நிறுத்திக் கேட்பது? பக்கத்து ஊரான பாசடீனாவில் மேயரைக் கேட்கலாம். அல்டடீனாக்காரர்கள் 20 லட்சம் பேருக்குப் பொதுவான ஒரு சூப்பர்வைசரிடம்தான் போக வேண்டியிருந்தது.

அதனால்தான் நான் மெஷர் ஜி பக்கம். 2024 நவம்பரில் மயிரிழையில் ஜெயித்தது. அதன்படி 2028இல் கவுன்டி நிர்வாகியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள், 2032இல் போர்டு ஒன்பது பேராகும். ஒன்பது போதாது என்பேன், ஒருவருக்குப் பதினொரு லட்சம் பேர் என்பதே அதிகம்தான். ஒரே நிர்வாகியிடம் அதிகாரம் குவியும் என்று பயப்படுகிறவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதை எழுதியதில் அவசரமும் தெரிகிறது. சிறைக்கு மாற்றான திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி 2020இல் மக்கள் நிறைவேற்றிய மெஷர் ஜே, இதனால் தெரியாமலே சாசனத்திலிருந்து அழிந்துபோகும் என்பதை 2025 கோடையில்தான் கண்டுபிடித்தார்கள். அதைத் திருத்தட்டும். அதற்காகப் பழைய ஏற்பாட்டுக்கே திரும்ப வேண்டியதில்லை.

2028இல் நிர்வாகி பதவிக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், பதிவாகாத ஊர்களுக்கு வெளியேற்ற உத்தரவு போடுவது இனி யார் பொறுப்பு என்று தவறாமல் கேளுங்கள்.