பக்கத்துப் பக்கத்து டோபோஷீட்டுகள் சாலைக் கோட்டோடு பொருந்தவில்லையா?

நீங்கள் சொன்னதைப் பார்த்தால், க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய 1:50,000 டோபோஷீட்டுகள், அதாவது நில வரைபடத் தாள்கள், இரண்டும் ஒரே திசையில் ஒரே அளவு சாலைக் கோடுகளை விட்டு விலகியிருக்கின்றன, அது போக இரண்டு தாளுக்கும் நடுவில் ஓர் இடைவெளியும் தெரிகிறது. இது இரண்டு தனித்தனிப் பிரச்சினை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒரே மாதிரி விலகல் என்றால் அது டேட்டம்தான், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையை எந்தப் பூமி வடிவத்தை வைத்து அளக்கிறோம் என்ற அடிப்படை. பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பழைய பூமி வடிவத்தில் வரைந்தவை, அதிலுள்ள அட்சரேகை எண்ணை டபிள்யூஜிஎஸ் 84 (இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் டேட்டம்) என்று க்யூஜிஐஎஸ்ஸிடம் சொன்னால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். படத்தை நிலத்தோடு பொருத்தும் ஜியோரெஃபரன்சர் கருவியில் இலக்கு சிஆர்எஸ்ஸாக (ஆயமுறை) எவரெஸ்ட் நீள்வட்டத்திலான கல்யாண்பூர் 1975, அதாவது இபிஎஸ்ஜி பட்டியலில் 4146 என்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். தயவுசெய்து படத்தைக் கையால் இழுத்து நகர்த்தாதீர்கள், நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்து ஒரு வாரம் வீணாக்கியவன்தான்.

சரி, இடைவெளிக்கு வருவோம். சாலைச் சந்திப்புகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளியாக, அதாவது படத்தைப் பொருத்த இடம் தெரிந்த புள்ளியாக, எடுத்திருக்கிறீர்கள், அதுதான் வினை. சாலை மாறியிருக்கும், தாளிலுள்ள அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டம் மாறாது. தாள் இரு பக்கமும் 15 நிமிடம் (பாகையில் அறுபதில் ஒன்று ஒரு நிமிடம்), கோடுகள் 5 நிமிடத்துக்கு ஒன்று, ஆக 16 சந்திப்புகள் கிடைக்கும், பதினாறையும் எடுங்கள். பொது விளிம்பிலுள்ள நான்கு புள்ளிகளுக்கும் இரண்டு தாளிலும் அதே எண்களே வரவேண்டும். படத்தை உருமாற்றும் முறையாக முதலில் பாலினோமியல் 2 தேர்ந்தெடுங்கள், தாள் கசங்கியிருந்தால் மட்டும் இடத்துக்கு இடம் வளைத்துப் பொருத்தும் தின் பிளேட் ஸ்ப்ளைன்.

அப்புறம் 15 நிமிடச் சட்டத்தை ஒரு பாலிகனாக வரைந்து ஓரத்தை வெட்டிவிட்டு, இரண்டையும் விஆர்டியாக, அதாவது படங்களை ஒன்றாகக் காட்டும் மெய்நிகர் கோப்பாக, சேருங்கள். 20, 25 மீட்டர் பிசகு மிஞ்சினால் விட்டுவிடலாம், தாளில் அது வெறும் அரை மில்லிமீட்டர்.