முடிவில் ஏன் ஒருத்தி சாக வேண்டும்?

கேள்வி: தன்பாலினக் காதல் வரும் சரித்திரக் கதைகளைத் தேடிப் படிப்பேன். பாதிக்கு மேல் சாவிலோ பிரிவிலோதான் முடிகின்றன. சந்தோஷமாக முடிந்தால் ‘அந்தக் காலத்தில் இதெல்லாம் நடக்குமா?’ என்கிறார்கள். நிஜமாகவே நடந்திருக்காதா?
– வாசகி, திருச்சி

பதில்: நடந்திருக்கிறது. எலினோர் பட்லர், சாரா பொன்சன்பி என்று இரண்டு பேர், அயர்லாந்தில் கில்கென்னி பக்கத்துப் பெரிய இடத்துப் பெண்கள். எலினோரைக் கன்னிமாடத்தில் சேர்த்துவிட வீட்டில் பேச்சு. பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் இருந்த சாராவுக்கோ அந்த வீட்டுப் பெரியவரால் தொல்லை. 1778-ல் ஆண் வேடம் போட்டு, ஒரு துப்பாக்கியும் ஒரு நாயுமாகக் கப்பலேறக் கிளம்பி, பிடிபட்டார்கள். ஆனாலும் எலினோர் மறுபடி தப்பி வந்து சாராவின் அறையிலேயே ஒளிந்துகொள்ள, கடைசியில் இரண்டு குடும்பமும் சலித்துப்போய் விட்டுவிட்டன.

1780-ல் வேல்ஸில் லாங்கோலென் என்ற ஊரில் குடியேறியவர்கள், 1829-ல் எலினோர் 90 வயதில் இறக்கும்வரை அங்கேயே, புத்தகமும் தோட்டமும் ஓயாத பணக்கஷ்டமுமாக ஒன்றாக வாழ்ந்தார்கள். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டும் அந்த வீட்டுக்கு வந்து போயிருக்கிறார்கள். அது காதலா நட்பா என்று ஆய்வாளர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். ஒரே படுக்கையில் உறங்கி, நாட்குறிப்பில் சாராவை ‘என் பிரியமானவள்’ என்றே எழுதிக்கொண்டிருந்த எலினோரைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை, காதல்தான்.

இவர்களைவிடவும் எனக்குப் பிடித்தவர் மேரி காரில். சாரா இருந்த வீட்டில் வேலை பார்த்தவர். சக வேலையாள் ஒருவர் மீது மெழுகுவத்தித் தண்டை எறிந்ததால் வேலை போனதாகச் சொல்வார்கள். ஓடிப்போக இவர்களுக்குத் துணை நின்று, கூடவே வேல்ஸுக்கும் வந்து, 1809-ல் சாகும்வரை அந்த வீட்டைத் தாங்கினார். மூன்று பேருக்கும் ஒரே கல்லறை, அதற்கு மூன்று முகப்பு, ஆளுக்கொன்று. சொந்த ரத்தம் கைவிட்ட இடத்தில் இவர்களாகவே சேர்த்துக்கொண்ட குடும்பம் அது.

எல்லாம் சுகம் என்று சொல்லவில்லை. 1790-ல் ஒரு பத்திரிகை இவர்களைப் பற்றி ஜாடையாக எழுதியபோது, வழக்குப் போடலாமா என்று அரசியல்வாதி எட்மண்ட் பர்க்கிடம் கேட்டார்கள், வேண்டாம் என்றார் அவர். ஆணோடு உறவு வைத்த ஆண்களின் நிலைமை இன்னும் கொடூரம். 1835-ல்கூட இதற்காக லண்டனில் இருவரைத் தூக்கிலிட்டார்கள். ஆனால் ஒன்று, நீதிமன்ற ஏட்டில் ஏறியது மாட்டிக்கொண்டவர்களின் கதை மட்டும்தான். மாட்டாமல் வாழ்ந்தவர்கள் கடிதத்திலும் நாட்குறிப்பிலும் வீட்டுக் கணக்கிலும் இருக்கிறார்கள், அங்கே போய்த் தேடாமல் ‘நடந்திருக்காது’ என்பது சரியில்லை.

இவ்வளவு ஆசையோடு படிக்கிறீர்கள், நீங்களே ஒன்று எழுதிப் பாருங்களேன். எழுதினால் மேரி மாதிரி ஒருத்திக்கு முழுசாக ஓர் அத்தியாயம் கொடுங்கள், தேநீர்த் தட்டோடு வந்து போகிறவளாக வைத்துவிடாதீர்கள்.