டாயில் சொன்னதும் டிக்கன்ஸ் பார்த்ததும்

கேள்வி: ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலில், அமெரிக்காவில் தோன்றிய மதப் பிரிவினரான மார்மன்கள் கொலைக்கும் துணிந்த கூட்டமாக வருகிறார்களே, நம்பலாமா?
- வாசகி, ராயபுரம்

பதில்: அதை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1887-இல் நாவல் வெளிவந்தபோது அதை எழுதிய கோனன் டாயில், மார்மன்கள் குடியேறிய அமெரிக்கப் பகுதியான யூட்டா பக்கமே போனதில்லை. அதன் தலைநகரான சால்ட் லேக் சிட்டிக்கு அவர் போனது 1923-இல்தான். மார்மன்களைப் பற்றி எழுதிய இன்னொருவரான அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1861-இல் அங்கே நேரிலேயே போனவர். ஆனால் தங்கியது இரண்டே நாள்.

ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸை முதலில் படியுங்கள். 1863-இல் லண்டன் துறைமுகத்தில் நின்ற 'அமேசான்' கப்பலில், அமெரிக்கா கிளம்பிய சுமார் 800 மார்மன்களைப் பார்த்தார். குறை இருந்தால் எழுதிவிடுவது என்றுதான் ஏறினார். துறைமுகத்தை ஒட்டி வாழும் உங்களுக்கு அந்தக் காட்சி சட்டென்று பிடிபடும்: சண்டையில்லை, குடித்துத் தள்ளாடுபவர் இல்லை, கப்பல் தளத்தில் கிடைத்த மூலையிலெல்லாம் மண்டியிட்டும் படுத்தும் கடிதம் எழுதுகிறார்கள். வியந்துபோய், இவர்கள் இங்கிலாந்தின் பொறுக்கியெடுத்த மக்கள் என்று எழுதினார். எனக்கு அந்த நேர்மை மிகவும் பிடிக்கும்.

எதைப் படித்தாலும் ஆண்டைக் கவனியுங்கள். பலதார மணத்தைக் கைவிடுவதாக மார்மன் திருச்சபை அறிவித்தது 1890-இல். அதற்கு முந்தைய எழுத்துகள் பலவற்றில் அந்த ஒரு விஷயமே மற்றதையெல்லாம் மறைத்துவிடுகிறது. அடுத்து, மார்மன்களின் மேற்கு நோக்கிய பயணம் பற்றி அமெரிக்க எழுத்தாளர் வாலஸ் ஸ்டெக்னர் 1964-இல் எழுதிய நூல். அவர் மார்மன் அல்லர், ஆனால் இளமையில் சால்ட் லேக் சிட்டியில் வாழ்ந்தவர்.