தம்பி கவுண்டி ஜெயிலில்: யாரிடம் பேசுவது?

கேள்வி: என் தம்பி டெக்சாஸில் எச்1பி விசாவில் வேலை பார்க்கிறான். குடித்துவிட்டு கார் ஓட்டியதாக நேற்று ராத்திரி கைது செய்து, கவுண்டி ஜெயிலில் வைத்திருப்பதாக அவன் ரூம்மேட் சொன்னார். பிடித்த போலீசுக்கு போன் போட்டால் ஜெயிலைக் கேட்கச் சொல்கிறார்கள். ஜெயிலில் எடுத்தவர், எப்போது விடுவார்கள் என்று தனக்குத் தெரியாது என்று வைத்துவிட்டார். இணையத்தில் தேடினால் அவன் பெயரே வரவில்லை. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவன். அங்கே பொறுப்பான ஆள் யார்? யாரைப் பிடித்தால் வேலை நடக்கும்? (வாசகி, கோவை)

பதில்: முதலில் பெயரைப் பார்ப்போம். இது பெரும்பாலும் நம் இனிஷியல் செய்யும் வேலை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் கடைசிப் பெயராகிவிடும். முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அடித்துவிடுவார்கள். ஜெயில் பதிவில் எது ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. தம்பி பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டுத் தேடுங்கள், அப்புறம் அப்பா பெயரை, அப்புறம் இரண்டையும் மாற்றிப் போட்டு. கைரேகை, போட்டோ, உடைமைகளைப் பையில் போட்டு முத்திரை வைப்பது, உடல்நிலை பற்றிய கேள்விகள் எல்லாம் முடிந்து பதிவு ஏறுவதற்கே பல மணி நேரம் ஆகும். காலையில் வராத பெயர் மாலையில் வரும்.

சரி, யார் பொறுப்பு? நம் ஊரில் புழல் ஆனாலும் கிளைச்சிறை ஆனாலும் எல்லாம் ஒரே மாநிலச் சிறைத்துறை. அங்கே அப்படி இல்லை. டெக்சாஸில் 254 கவுண்டிகள், நம் மாவட்டம் மாதிரி. ஜெயில் அந்தந்தக் கவுண்டியின் பொறுப்பு. விசாரணையில் இருப்பவர்களும் சிறிய தண்டனை பெற்றவர்களும்தான் அங்கே இருப்பார்கள். நீண்ட தண்டனை என்றால் மாநிலச் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

கவுண்டி ஜெயிலுக்குப் பொறுப்பு ஷெரிஃப். 4 வருடத்துக்கு ஒருமுறை மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள். உங்கள் தம்பியைப் பிடித்தது நகர போலீஸ் என்றால், அவர்கள் ஷெரிஃபுக்குக் கீழ் இல்லை. ஒப்படைத்ததோடு அவர்கள் வேலை முடிந்தது. உங்களைத் தட்டிக்கழித்தார்கள் என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் ஷெரிஃப் கையில் பணப்பெட்டி கிடையாது. எத்தனை காவலர், என்ன சம்பளம் என்று பட்ஜெட் போடுவது ‘கமிஷனர்ஸ் கோர்ட்’. பெயரில்தான் கோர்ட், உண்மையில் கவுண்டி ஜட்ஜும் 4 கமிஷனர்களும் உட்காரும் நிர்வாக சபை. விடுதலை ஷெரிஃப் கையிலும் இல்லை, இந்தச் சபை கையிலும் இல்லை. கைதான 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். என்ன குற்றச்சாட்டு என்று சொல்லி ஜாமீன் தொகையைச் சொல்பவர் அவர்தான். ஜெயிலில் போனை எடுத்தவர் தெரியாது என்றது நிஜம். (இதெல்லாம் டெக்சாஸ் கணக்கு. கென்டக்கியில் ஜெயிலருக்கே தனியாகத் தேர்தல் நடக்கும். கனெக்டிகட்டில் கவுண்டி ஜெயிலே கிடையாது, எல்லாம் மாநிலத்துடையது.)

ஆகவே யாரையும் ‘பிடிக்க’ முடியாது. எந்த மேஜையில் எதைக் கேட்பது என்பதுதான் விஷயம். ஜெயிலை அன்றாடம் நடத்துவது ஒரு கேப்டனோ ஜெயில் அட்மினிஸ்ட்ரேட்டரோ. அவருக்குக் கீழே லெஃப்டினன்ட், சார்ஜென்ட், அதற்கும் கீழே ஜெயில் காவலர்கள். 18 வயது, பள்ளிப் படிப்பு, ஜெயிலர் லைசென்ஸ் இருந்தால் அந்த வேலையில் சேரலாம். பலர் ரோந்து போலீஸ் ஆவதற்கு இதை முதல் படியாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஆள் நிற்பதில்லை. மாநிலத்தின் ஜெயில் தரக் கமிஷன் 1975-இல் வந்தது. அதன் விதிப்படி 48 கைதிக்கு ஒரு காவலர் இருக்க வேண்டும். 60 நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரையும் நேரில் பார்க்க வேண்டும். தற்கொலை எண்ணமோ மனநலப் பிரச்சினையோ இருப்பதாகத் தெரிந்தால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை. ஆள் குறைந்தால் முதலில் அடி வாங்குவது இந்த ரவுண்டுதான். 2015-இல் சாலையில் போலீஸ் காரை நிறுத்தியபோது கைதான சாண்ட்ரா பிளாண்ட் என்ற பெண், மூன்றாம் நாள் வாலர் கவுண்டி ஜெயிலில் இறந்து கிடந்தார். ரவுண்டு விதி பின்பற்றப்படவில்லை என்று கமிஷன் அந்த ஜெயிலைக் குறை சொன்னது. ஆபத்தில் இருக்கும் கைதிகளின் அறைகளில் சரியான நேரத்தில் ரவுண்டு போனார்களா என்று பார்க்க மின்னணு சென்சாரோ கேமராவோ வேண்டும் என்று 2017-இல் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது.

உங்களுக்கு இன்று அவசரம் இன்சுலின். ஜெயிலுக்குத் திரும்பப் போன் செய்து ‘மெடிக்கல்’ பிரிவைக் கேளுங்கள், பணியில் இருக்கும் நர்ஸைக் கேளுங்கள். சில கவுண்டிகளில் மருத்துவம் ஒப்பந்தக் கம்பெனியிடம் இருக்கும். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் 2022 முதல் அரசு மருத்துவமனை அமைப்பே பார்க்கிறது. தம்பியின் நிலையை உங்களிடம் சொல்ல மாட்டார்கள். ஆனால் நீங்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளச் சொல்லலாம்: மருந்தின் பெயர், எத்தனை யூனிட், எந்த நேரம், டாக்டர், மருந்துக் கடையின் போன் நம்பர். பேசியவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். நர்ஸ் கிடைக்காவிட்டால் ‘ஷிப்ட் சூப்பர்வைசர்’ வேண்டும் என்று கேளுங்கள்.

வெளியிலிருந்து கைதிக்குப் போன் போட முடியாது. அவர்தான் கூப்பிட வேண்டும். அதற்கு முன்பணம் கட்டிய கணக்கு வேண்டும், இந்திய எண்ணுக்குப் பல ஜெயில்களில் லைன் போகாது. ரூம்மேட் எண்ணில் கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள். பேச்சு பதிவாகும். தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று எத்தனை குடும்பங்கள் போனிலேயே ‘எத்தனை பெக்’ என்று விசாரித்திருக்கின்றன! மொழிபெயர்த்துக் கோர்ட்டில் வைக்க ஆள் உண்டு. வழக்கை வக்கீலிடம் மட்டும் பேசட்டும். இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லி தம்பி ஜெயிலில் கேட்கலாம், அது அவர் உரிமை. டெக்சாஸுக்கு ஹூஸ்டன் துணைத் தூதரகம். நீங்களே நேரடியாகவும் எழுதலாம்.

ஜாமீனை ரொக்கமாக முழுத்தொகை கட்டினால், வாய்தாக்களுக்கு ஒழுங்காகப் போனால் திரும்ப வரும். பாண்ட் ஏஜென்ட் (கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீனுக்கு உத்தரவாதம் தருபவர்) மூலம் என்றால் வழக்கமாக 10 சதவீதம், அது திரும்பாது. ஷெரிஃப் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், கிஃப்ட் கார்டில் பணம் அனுப்புங்கள் என்று யாராவது கூப்பிட்டால் மோசடி, வைத்துவிடுங்கள். பணம் கட்டும் முன் ‘இமிக்ரேஷன் ஹோல்டு’, அதாவது ஆளை விடாமல் வைத்திருக்கும்படி குடியேற்றத் துறை கேட்டிருப்பது, இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஜாமீனுக்குப் பிறகும் 48 மணி நேரம் வரை வைத்திருந்து அவர்களிடம் ஒப்படைக்கலாம். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் எந்தத் தாளிலும் குடியேற்ற வக்கீல் பார்க்காமல் தம்பி கையெழுத்துப் போட வேண்டாம். ஜெயிலை விட விசாவுக்குத்தான் அது கண்டம்.

பணம் கட்டியதும் கதவு திறந்துவிடாது. காகித வேலைக்குப் பல மணி நேரம் ஆகும், பெரிய ஜெயில் என்றால் நடுராத்திரியிலும் விடுவார்கள். கையில் இருக்கும் செல்போன் சார்ஜ் இல்லாமல் இருக்கும். ரூம்மேட்டை வாசலில் நிற்கச் சொல்லுங்கள், சாப்பிட ஏதாவதும் இன்சுலினும் எடுத்துக்கொண்டு.