எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்ட பிறகு சரக்குப் போக்குவரத்துத் துறையில் மனிதர்களுக்கு வேலை இருக்குமா? சிங்கப்பூரில் லாஜிஸ்டிக்ஸ் படிக்கலாமா?

கேள்வி கேட்டவர் பெயர் போடவில்லை. ஓ நிலைத் தேர்வு முடிவு கைக்கு வந்து, பலதுறைத் தொழிற்கல்லூரியில் எந்தப் பாடத்துக்கு விண்ணப்பிப்பது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது என்று நினைக்கிறேன். கேள்விக்குக் கீழே, "துறைமுகத்தில் ஆளில்லாத வண்டி ஓடுகிறதாம், பெர்மிட் எல்லாம் கம்ப்யூட்டரே கொடுக்கிறதாம், இனிமேல் அங்கே கிளார்க் வேலைகூட இருக்காதாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் அந்தக் கிளார்க். தஞ்சோங் பகார் பக்கம் ஒரு சின்ன ஃபார்வர்டிங் கம்பெனியில் (வியாபாரிகளுக்காகச் சரக்கை அனுப்பி, எடுத்துக் கொடுக்கும் கம்பெனி) ஆவணப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறேன். சென்னை, தூத்துக்குடியிலிருந்து வரும் சரக்குதான் என் மேசைக்கு அதிகம் வரும்.

எது மாறியிருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் "அக்காவுக்குத் தொழில்நுட்பமே பிடிக்காது" என்று யாராவது கிளம்பி வருவார்கள். எனக்குப் பிடிக்கும். ஏற்றுமதி, இறக்குமதி பெர்மிட்டைக் கணினி வழியாகவே வாங்கும் டிரேட்நெட் 1989 ஜனவரி 1-ஆம் தேதி வந்தது. நாடு முழுவதற்குமான அப்படிப்பட்ட ஏற்பாடு உலகத்திலேயே அதுதான் முதல். அதற்கு முன் ஒரு சரக்குக்கு 35 படிவம் வரைகூட நிரப்பி, துறை துறையாக ஆளை அனுப்பி, நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்தவர்கள் சொல்வார்கள். இப்போது பெரும்பாலான பெர்மிட் நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் வந்துவிடுகிறது. துறைமுகத்தை நடத்தும் பிஎஸ்ஏ-வின் கணினி ஏற்பாடான போர்ட்நெட் அதற்கும் முன்னால், 1984-இலேயே வந்தது. 1997-இலிருந்து துறைமுக வாசலில் யாரும் இறங்கிக் காகிதம் காட்டுவதில்லை. கேமரா கன்டெய்னர் பெட்டியின் எண்ணைப் படிக்கும், வண்டி யாருடையது என்று கருவி கண்டுகொள்ளும், எடையும் அங்கேயே பார்த்தாகிவிடும், எந்த அடுக்குக்குப் போக வேண்டும் என்று ஓட்டுநருக்குத் தகவல் வரும். மொத்தமே 25 வினாடி. துவாஸ் துறைமுகம் 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அங்கே கப்பலடிக்கும் அடுக்குக்கும் நடுவே பெட்டி சுமப்பவை ஆளில்லா வண்டிகள். 2024-இல் சிங்கப்பூர் கையாண்டது 20 அடிப் பெட்டிக் கணக்கில் 4 கோடியே 11 லட்சம். 2040-களில் துவாஸ் கட்டி முடியும்போது அது ஒன்றே 6.5 கோடி தாங்கும் என்கிறார்கள். காகிதத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்யவே முடியாது.

இருபது வருஷமாக இங்கே உட்கார்ந்து நான் பார்த்தது என்னவென்றால், கம்ப்யூட்டர் வந்து காத்திருப்பு ஒழிந்துவிடவில்லை. பெரிய கம்பெனிகளுடைய வாசலிலிருந்து எடுத்துச் சின்ன ஆட்களுடைய வாசலில் வைத்திருக்கிறது. பெர்மிட்டில் இல்லை, வாசலில் இல்லை, கப்பலடியிலும் அநேகமாக இல்லை. இரண்டு கணினிகளுக்கு நடுவே ஒரு இடைவெளி இருக்கிறதே, அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. அந்த இடைவெளியில் நிற்பவன் சின்ன வியாபாரி, லாரி ஓட்டுகிறவர், என் மாதிரி கிளார்க்.

நடந்ததைச் சொல்கிறேன். பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் எங்களுக்குப் பல வருஷ வாடிக்கையாளர். லிட்டில் இந்தியா தேக்காவில் பல கடைகளுக்கு அவரிடமிருந்துதான் சின்ன வெங்காயம் போகும். ஒரு தீபாவளிக்கு முன்னால், வழக்கமான ஆளிடம் சரக்கு கிடைக்காமல் தூத்துக்குடியில் புது ஏற்றுமதியாளர் ஒருவரிடம் ஒரு ரீஃபர் பெட்டி, அதாவது குளிரூட்டிய கன்டெய்னர், நிறைய வாங்கினார். புதுப் பழக்கம் என்பதால் ஏற்றுமதியாளருக்கு அண்ணன்மேல் நம்பிக்கை வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், முகம் தெரியாதவருக்கு ஒரு பெட்டி நிறைய வெங்காயம் அனுப்பினால் நானும் அப்படித்தான் செய்வேன். ஆவணங்களை வங்கி வழியாக அனுப்பினார். இங்கே பணம் கட்டினால்தான் வங்கி அசல் பி.எல்லை அண்ணன் கையில் கொடுக்கும்.

பி.எல். என்றால் என்ன என்று படிக்கப்போகிற உங்களுக்காக ஒரு வார்த்தை: பில் ஆஃப் லேடிங். சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி கொடுக்கும் பத்திரம். வழக்கமாக மூன்று அசல் போடுவார்கள். அதில் ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் சரக்கு. அந்தத் தாளைக் கொடுக்காமல் கப்பல் ஏஜென்ட் டெலிவரி ஆர்டர், அதாவது சரக்கை எடுத்துப்போக அனுமதிக்கும் உத்தரவு, கொடுக்க மாட்டார்.

பெட்டி வந்த வழியைப் பார்த்தால் இந்தக் காலத்தின் அதிசயம்தான். தூத்துக்குடியில் ஃபீடர் என்னும் சின்னக் கப்பலில் ஏறியது, கொழும்பில் இறங்கியது, பெரிய கப்பலுக்கு மாறியது, எல்லாம் திரையில் தெரிந்தது. பெட்டிக்குள் இருக்கும் கருவி வெப்பநிலையை அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்தக் கோடு ஒரு இடத்தில்கூடத் துள்ளவில்லை. கப்பல் வந்தது, பெட்டி இறங்கியது, மின்சாரம் செருகியாகிவிட்டது, பெர்மிட்டும் தயார். அண்ணன் போனில் பச்சைக் குறி காட்டியது.

"அக்கா, சாமான் வந்துடுச்சுன்னு காட்டுதே, லாரி அனுப்பலாமா?"

"தாள் வரலையே அண்ணே."

"எந்தத் தாள்க்கா? பணம் கட்டிட்டேனே!"

கட்டிவிட்டார்தான். ஆனால் அங்கிருந்து வந்த கூரியர் உறை, இங்கே ஒரு வங்கியின் ஆவணப் பிரிவில் வெள்ளிக்கிழமை மாலை போய் விழுந்திருக்கிறது. வார இறுதி முழுக்க யாரும் பிரிக்கவில்லை. பிரித்த பிறகு, வங்கியின் முகப்புக் கடிதத்தில் கடை எண்ணும் இன்வாய்ஸில் கடை எண்ணும் ஒன்றாக இல்லை என்று ஊருக்குக் கேள்வி அனுப்பிவிட்டார்கள். அண்ணனுடைய கடை எண்ணைத் தூத்துக்குடியில் யாரோ மாற்றித் தட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வங்கி உத்தரவாதம் கொடுத்தால் தாள் இல்லாமலே சரக்கை விடுவார்கள், ஆனால் அதற்கு வங்கியில் கடன் வசதி இருக்க வேண்டும். சின்னக் கடைக்கு ஏது அது? டெலக்ஸ் ரிலீஸ் (தாள் இங்கே வராமலே சரக்கை விடச் சொல்லி அங்கிருந்து தகவல் அனுப்புவது) கேட்கலாம் என்றால், அசல்கள் மூன்றையும் அங்கேயே கப்பல் கம்பெனியிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். அவைதான் வங்கி உறைக்குள் இருக்கின்றனவே.

நான் தினமும் அந்த வெப்பநிலைக் கோட்டைப் பார்த்தேன். ரீஃபருக்கு இலவச நாள் குறைவு. அது முடிந்தவுடன் டெமரேஜ், அதாவது பெட்டியை எடுக்காமல் விட்ட நாளுக்கான கட்டணம், ஓட ஆரம்பித்தது, அதோடு மின்சாரக் கட்டணம். இந்தக் கணக்கில் மட்டும் எந்தக் கணினியும் தாமதிக்கவில்லை. பெட்டி கடைசியில் வெளியே வந்து கதவைத் திறந்தபோது நானும் போயிருந்தேன். சிவப்பு வலைப்பைகளில் கதவோரம் இருந்தவை பரவாயில்லை. உள்ளே கையை விட்டால் தோல் ஈரமாக ஒட்டியது. நடு அடுக்கில் பாதி வெங்காயம் நுனியில் பச்சையாக முளை விட்டிருந்தது. அண்ணன் ஒரு பையைப் பிரித்து, நல்லதை ஒரு பக்கமும் முளைத்ததை ஒரு பக்கமும் பேசாமல் பிரிக்க ஆரம்பித்தார். தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. தேக்காக் கடைகள் வேறு ஆளிடம் வாங்கியாகிவிட்டது.

"அப்படியானால் மின்னணு பி.எல். பயன்படுத்த வேண்டியதுதானே" என்று கேட்பீர்கள். நியாயம். சட்டம் இங்கே தயார். மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தை நாடாளுமன்றம் 2021 பிப்ரவரியில் திருத்தியது, மார்ச் 19 முதல் நடப்பில் இருக்கிறது. கணினியில் இருக்கும் பி.எல்லுக்கும் தாளுக்குள்ள அதே மதிப்பு. பிரிட்டன் 2023 செப்டம்பரில் அதே வழிக்கு வந்தது. பெரிய கப்பல் கம்பெனிகள் ஒன்பது சேர்ந்து 2030-க்குள் முழுக்க மின்னணு பி.எல்லுக்கு மாறுவோம் என்று 2023-இல் அறிவித்தன. ஆனால் பி.எல். ஒருவர் கையில் மட்டும் மாறினால் போதாது. ஏற்றுமதியாளர், அவருடைய வங்கி, கப்பல் கம்பெனி, இங்கிருக்கும் வங்கி, வாங்குகிறவர் என ஐந்து பேரும் ஒரே நேரத்தில் மாறினால்தான் அது ஓடும். நான்கு பேர் மாறி ஒருவர் மாறவில்லை என்றால் திரும்பவும் அச்செடுத்துக் கூரியரில் போட வேண்டியதுதான். மெர்ஸ்க் கப்பல் கம்பெனியும் ஐபிஎம்மும் சேர்ந்து சரக்குத் தகவலையும் ஆவணங்களையும் பகிர்ந்துகொள்ளக் கொண்டுவந்த டிரேட்லென்ஸ் தளத்தை 2022 நவம்பரில் மூடுகிறோம் என்று அறிவித்தார்களே, அதற்கு அவர்களே சொன்ன காரணம் தொழில் முழுக்க எல்லோரும் ஒத்துழைக்கவில்லை என்பதுதான். தொழில்நுட்பம் வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

தாள்தான் பத்திரம் என்று வாதாடுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், நான் அந்தக் கட்சி இல்லை. 2020-இல் ஹின் லியோங் எண்ணெய் நிறுவனம் சரிந்தபோது, நடக்காத விற்பனைக்கெல்லாம் பத்திரம் காட்டி வங்கியில் பணம் வாங்கியது வெளியே வந்தது. பொய்த்தாளும் தாள்தான். அதே சமயம் கணினியை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று 2017 ஜூனில் பார்த்தோம். நாட்பெட்யா வைரஸ் தாக்கி மெர்ஸ்க் கம்பெனி 4,000 சர்வர், 45,000 கணினிகளைப் பத்தே நாளில் மறுபடி நிறுவ வேண்டி வந்தது. அந்த நாட்களில் சரக்கை ஓட்டியது தொலைபேசி, வாட்ஸ்அப், அதன் முன்னால் உட்கார்ந்திருந்த ஆட்கள். 2024-இல் செங்கடல் பிரச்சினையால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு முன்பின்னாக மொத்தமாக வந்து குவிந்தபோது, எந்தக் கப்பல் எப்போது வரும் என்று திரை சரியாகத்தான் சொன்னது. நிறுத்த இடம்தான் இல்லை. கெப்பல் முனையத்தில் மூடி வைத்திருந்த, கப்பல் நிறுத்தும் பழைய இடங்களைத் திரும்பத் திறந்துதான் சமாளித்தார்கள்.

லாரி ஓட்டுநர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதைக் கேட்பாரில்லை. எங்களுக்கு பிரைம் மூவர் (பெட்டியை இழுக்கும் லாரி) ஓட்டும் இன்னொரு அண்ணன் ஜோகூரிலிருந்து விடியுமுன்னே கடற்பாலம் தாண்டி வருகிறவர். துறைமுக வாசலில் அவருக்கு 25 வினாடி. வெங்காயத்தை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க, அவற்றை அடுக்கி வைக்கும் டிப்போவுக்குப் போனால் மணிக்கணக்கில் வரிசை. முன்பதிவு செய்த நேரம் போனில் இருக்கும், முன்னால் இருபது லாரியும் இருக்கும். நடைக்கு இவ்வளவு என்று சம்பளம், நின்ற நேரத்துக்குக் காசு இல்லை. அந்தச் சாலை ஓரத்தில் ஒதுங்கக் கழிவறை கிடையாது. தண்ணீர் குடிக்காமலே வண்டி ஓட்டுகிறேன் என்று ஒருநாள் சொன்னார், சர்க்கரை நோய் இருக்கும் மனுஷர். பெட்டிக்குள் வெங்காயத்துக்கு எத்தனை டிகிரி என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கிறோம். வண்டிக்குள் இருக்கும் ஆள் எத்தனை மணி நேரமாக நிற்கிறார் என்று எந்தத் திரையிலும் கட்டம் இல்லை. இதற்கும் நீங்கள் கேட்டதற்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காத்திருப்பு எங்கே போய் உட்கார்ந்தது என்று கேட்டால், அதில் பெரிய பங்கு அவர் இருக்கையில்தான்.

போன வருஷம் கம்பெனி எங்களை ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. பாடம் எடுத்தவர் பிளாக்செயின், ஏஐ என்று நாள் முழுக்கப் படம் போட்டார். வங்கி வழியாகப் போகும் பி.எல்லில் கன்சைனி (சரக்கைப் பெறுபவர்) இடத்தில் யார் பெயர் வரும், பின்பக்கம் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன். பதில் வரவில்லை. அசல் பி.எல். ஒன்றை அவர் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை என்று எனக்குப் பட்டது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, அந்த அறையில் உங்கள் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஆகவே தம்பியோ தங்கையோ, படிக்கலாம், தாராளமாகப் படியுங்கள். தகவலைத் தட்டி ஏற்றுகிற வேலை போய்விடும், அதில் சந்தேகம் வேண்டாம். எங்கள் அலுவலகத்திலேயே அதற்கு இப்போது ஆள் எடுப்பதில்லை. பெட்டி நின்றுவிட்டால் எந்த இரண்டு பேருக்கு நடுவே நின்றிருக்கிறது என்று கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் பேசி நகர்த்தத் தெரிந்த ஆளைத்தான் தேடுகிறார்கள், கிடைப்பதும் இல்லை. பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது, டேட்டா அனலிடிக்ஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், அது எல்லா இடத்திலும் இருக்கும். வணிக ஆவணங்கள், வங்கி நடைமுறை, கப்பல் சரக்குச் சட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். வேலைப் பயிற்சிக்குக் குளிரூட்டிய அலுவலகம் கொடுத்தால், ஒரு வாரமாவது லாரியில் பெட்டி ஏற்றிப்போகும் ஹாலியர் கம்பெனியிலும் விடச் சொல்லுங்கள்.

அந்த வெங்காய அண்ணன் என்ன ஆனார் என்று கேட்பவர்களுக்கு: கடை நடக்கிறது. அந்த ஏற்றுமதியாளரிடமே இப்போதும் வாங்குகிறார். பணத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறார், மீதி பெட்டி கப்பலில் ஏறியதும் போகிறது, பி.எல்லுக்குப் பதில் சீவே பில் (அசலைக் காட்டாமலே, பெயர் போட்டவருக்குச் சரக்கைக் கொடுக்கும் ஆவணம்) போட்டு அசல் தாளே இல்லாமல் சரக்கை எடுக்கிறோம். அதற்கு எந்தப் புதுச் செயலியும் தேவைப்படவில்லை. அவரும் தூத்துக்குடிக்காரரும் ஒருமுறை வீடியோ அழைப்பில் உட்கார்ந்து பேசினார்கள், நடுவில் நான் இருந்தேன்.