ஆங்கில ஆசிரியர் பக்கம்: கேள்வி – பதில்

இம்முறை ஐந்து கடிதங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். முதற் கடிதத்துக்கு அதிக இடம் கொடுத்ததற்குக் காரணம், அதே கேள்வியை வேறு சொற்களில் வாகரையிலிருந்தும் மண்டூரிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: கல்வியியற் கல்லூரிப் பயிற்சியை முடித்துக்கொண்டு சென்ற ஆண்டு மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பாடசாலை ஒன்றில் நியமனம் பெற்றேன். தரம் 6 இல் முப்பத்தொரு பிள்ளைகள். ஆங்கில எழுத்துகளை எல்லோரும் வரிசையாகச் சொல்கிறார்கள்; ஆனால் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூன்றெழுத்துச் சொல்லைக்கூட வாசிக்க வரவில்லை. பாடநூலில் முழுப் பந்திகள் இருக்கின்றன. பாடத்திட்டம் பிந்துகிறது என்று அதிபர் கவலைப்படுகிறார். எங்கிருந்து தொடங்குவது?
– ஓர் ஆசிரியை, வெல்லாவெளி

பதில்: உங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தின் பெயர் தெரிகிறது, அதன் ஒலி தெரியவில்லை. தமிழில் 'ம' என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றுதான் என்பதால் இந்த வேறுபாட்டை நாம் ஒருபோதும் யோசிப்பதில்லை. ஆங்கிலத்திலோ 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. எழுத்தின் பெயர் அந்த ஒலிகளிலிருந்து விலகி நிற்கிறது. 'பீ, ஏ, ரீ' (b, a, t) என்று நூறு தடவை சொன்னாலும் அதிலிருந்து 'பற்' என்ற சொல் பிறக்காது. முதல் இரண்டு தரங்களில் பேச்சுப் பயிற்சியோடும், தரம் 3 இலிருந்து பாடநூலோடும் வளர்ந்த பிள்ளை, இந்த ஒரு படியை யாரும் காட்டாததால் தரம் 6 வரை வாசிக்காமலே வந்து சேர்ந்துவிட முடிகிறது.

நான் கற்பித்த காலத்தில் தரம் 7 இல் ஒரு பையன், கிரிக்கெட் மட்டையின் படத்துக்குக் கீழே இருந்த சொல்லைத் தடுமாறாமல் வாசித்தான். படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மறுபடி வாசிக்கச் சொன்னேன். 'பீ, ஏ, ரீ' என்றவன் நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுவரை அவன் வாசித்தது படத்தைத்தான். அவனுடைய கொப்பியின் ஓரத்தில் 'ப் + அ = ப' என்று எழுதி, இதை எப்போது படித்தாய் என்று கேட்டேன். "அரிவரியில, சேர்" என்றான். இதுவும் அதே கணக்குத்தான் என்று சொல்லி, 'ப்' என்பதற்குக் கீழே ஆங்கில எழுத்தையும், 'அ' என்பதற்குக் கீழே அடுத்த எழுத்தையும், கடைசியில் 'ற்' என்பதற்குரிய எழுத்தையும் எழுதினேன். அவன் உதடு அசைந்தது. பிறகு சத்தமாகவே 'பற்' என்றான். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய்யாகும் என்பது நம் பிள்ளைகள் எல்லோரும் ஆறு வயதிலேயே கடந்துவந்த பாடம் என்பதால், அதை ஆங்கில வாசிப்புக்குப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய வீணடிப்பு என்று அன்றைக்கு உணர்ந்தேன்.

ஆகவே நாற்பது நிமிடப் பாடவேளையில் முதல் பத்து நிமிடத்தை ஒலிக்கு ஒதுக்குங்கள். எஸ், ஏ, ரீ, பீ, ஐ, என் (s, a, t, p, i, n) என்ற ஆறு எழுத்துகளின் ஒலிகளோடு தொடங்குவது பல நாடுகளில் பழகிப்போன ஒழுங்கு. இந்த ஆறைக் கொண்டே 'ஸிற்', 'பின்', 'ரின்' என்று பல சொற்களை முதல் வாரத்திலேயே வாசிக்கலாம். மீன் ரின்னை அறியாத பிள்ளை நம் பக்கத்தில் இல்லை. தான் வாயால் சொல்லும் சொல் தாளில் எழுத்தாக நிற்பதைக் காணும்போது அந்தப் பிள்ளையின் முகம் மலர்வதை நீங்களே பார்ப்பீர்கள். ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆங்கில வரிகளுக்கு மேலே உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொள்ளும் பழக்கம் பல வகுப்புகளில் இருக்கிறது. எழுத்துகள் எப்படிச் சேர்கின்றன என்று ஒருமுறை விளக்கத் தமிழ் உதவும். வரிக்கு வரி தமிழ் எழுதப்பட்டிருந்தால் பிள்ளையின் கண் ஆங்கில எழுத்துக்கு இறங்கவே இறங்காது.

மீதி முப்பது நிமிடமும் பாடநூலுக்கே. பந்தியை நீங்கள் ஐந்து சிறு வாக்கியங்களாகச் சுருக்கிக் கரும்பலகையில் எழுதி, முதலில் கதையாகச் சொல்லி, பிறகு வாசிக்க விடுங்கள். அதிபரின் கவலை நியாயமானது. அவருக்கு விளக்கத்தைவிட ஒரு தாள் அதிகம் பேசும். தவணைத் தொடக்கத்தில் இருபது சொற்களைக் கொடுத்து ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை வாசித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். தவணை முடிவில் அதே இருபதை மறுபடி கொடுத்து, இரண்டு பத்திகளையும் ஒரே தாளில் அவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வகுப்பில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் முன் வாங்கில் இருக்கும் இரண்டு மூன்று பிள்ளைகள் மட்டுமே பதில் சொல்கிறார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பயிற்சிப் பட்டறைகளில் கேட்ட விளையாட்டுகளையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன்.
– ஓர் ஆசிரியர், கல்முனை

பதில்: விளையாட்டுகளைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, நாளைக்கு ஒன்றைக் கவனியுங்கள்: கேள்வியைக் கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? அமெரிக்காவில் மேரி பட் றோ என்ற கல்வி ஆய்வாளர் விஞ்ஞான வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடியளவே பொறுத்திருந்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவதைக் கண்டார். மூன்று விநாடிக்கு மேல் காத்திருக்கப் பழகிய வகுப்புகளில் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியில் பதில் சொன்னவர்கள். நம் பிள்ளையோ கேள்வியைத் தமிழில் விளங்கி, பதிலைத் தமிழில் நினைத்து, பிறகு ஆங்கிலச் சொல்லைத் தேடவேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஒரு விநாடி எப்படிப் போதும்?

கேள்வியைக் கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். தொடக்கத்தில் அந்த மௌனம் உங்களுக்குத்தான் பாரமாக இருக்கும். அடுத்து, பதிலை முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லிப் பார்க்க அரை நிமிடம் கொடுங்கள். அதன் பிறகே ஒருவரை எழுப்புங்கள். எழுந்து பேசும் பிள்ளையின் இலக்கணப் பிழையை அந்த இடத்திலேயே திருத்தாதீர்கள். "நேற்று நான் கடைக்குப் போகிறேன்" என்ற பொருளில் ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னால், "ஓ, நேற்றுக் கடைக்குப் போனாயா, என்ன வாங்கினாய்?" என்று சரியான வடிவத்தை உங்கள் பேச்சில் திருப்பிக் கொடுத்துவிட்டு உரையாடலைத் தொடருங்கள். வகுப்பு முழுவதும் சிரிக்க ஒரு தடவை தலைகுனிந்த பிள்ளையை மறுபடி பேசவைக்க ஓர் ஆண்டு போதாது. என் கவனக்குறைவால் அப்படித் தலைகுனிந்த ஒரு மாணவியை நான் இன்றும் மறக்கவில்லை.

கேள்வி: பதினெட்டு ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். பாடநூலில் உள்ள ஆங்கிலத்தைத் தவிர வேறு ஆங்கிலம் என் வாயில் வருவதில்லை. பேசுவதற்கு ஆளும் இல்லை. வெளியே சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.
– ஓர் ஆசிரியை, திருக்கோவில்

பதில்: வெட்கப்படாதீர்கள். ஒவ்வொரு நாளும் பிள்ளைகளின் அளவுக்கு இறங்கிப் பேசும் எல்லா ஆங்கில ஆசிரியர்களுக்கும் இது நேர்கிறது, சொல்லிக்கொள்பவர்கள் குறைவு.

முதலாவது வாசிப்பு. ஒரு பக்கத்தில் தெரியாத சொற்கள் இரண்டு மூன்றுக்கு மேற்படாத, உங்களுக்கு இலகுவான புத்தகமாக எடுங்கள். அகராதியோடு மல்லுக்கட்டும் வாசிப்பில் சொற்கள் சேரலாம். மொழியின் ஓட்டம் நாவில் படியாது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைப் 'பாதை' என்னும் மிதவைப் படகில் கடந்து பாடசாலைக்குப் போய்வந்த ஆண்டுகளில், அக்கரையில் நிற்கும் பாதை திரும்பி வரும்வரை கரையில் நின்றபடி நான் வாசித்துத் தீர்த்த சிறு நாவல்கள், பல்கலைக்கழகத்தில் படித்தவற்றைவிட என் ஆங்கிலத்துக்கு அதிகம் செய்தன.

இரண்டாவது பேச்சு. கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள்: இன்றைய தரம் 8 வகுப்பில் எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று. மறுநாள் கேட்டுப் பாருங்கள், திக்கிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அதே விடயத்தை மறுபடி பேசுங்கள். இரண்டாம் தடவையில் ஏற்படும் முன்னேற்றம் உங்களுக்கே வியப்பாக இருக்கும்; அதோடு உங்கள் வகுப்பைப் பற்றிய ஒரு பதிவும் கையில் சேரும்.

மூன்றாவது, ஒரு சக ஆசிரியர். உங்கள் வலயத்தில் இதே நிலையில் இருக்கும் ஒருவரையாவது நீங்கள் அறிவீர்கள். வாரத்தில் இரண்டு நாள் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் மட்டும் தொலைபேசியில் பேசுவது என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். ஒரே பாடசாலையில் இருந்தால் ஒருவர் வகுப்பின் பின்வாங்கில் மற்றவர் அமர்ந்து ஒரேயொரு விடயத்தை மட்டும் குறிக்கட்டும்: எத்தனை பிள்ளைகள் பேசினார்கள், ஆசிரியர் எத்தனை நிமிடம் பேசினார் என்பதைப்போல. மதிப்பெண்ணோ தீர்ப்போ வேண்டாம். ஆசிரிய ஆலோசகர் ஆண்டில் சில தடவைதான் வருவார். அடுத்த வகுப்பில் இருப்பவர் தினமும் இருக்கிறார்.

கேள்வி: சாதாரண தர வகுப்பில் 42 பிள்ளைகள். கட்டுரைக் கொப்பிகளைத் திருத்தி முடிப்பதற்குள் அடுத்த கட்டுரை வந்துவிடுகிறது. சிவப்பு மையால் நிறைத்துக் கொடுத்தும் அடுத்த முறை அதே பிழைகள்.
– ஓர் ஆசிரியர், சம்மாந்துறை

பதில்: கொப்பிக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 42 கொப்பிக்கு 210 நிமிடம், அதாவது மூன்றரை மணித்தியாலம். அந்த உழைப்பு பிள்ளையிடம் போய்ச் சேர்கிறதா என்றால், கொப்பியை வாங்கிய பிள்ளை புள்ளியைப் பார்த்துவிட்டு மூடிவைக்கிறது. ஆகவே ஒரு கட்டுரைக்கு ஒரு பிழை என்று முடிவு செய்யுங்கள். இம்முறை இறந்தகால வினை மட்டும் என்று எழுதும் முன்னரே அறிவித்துவிடுங்கள். பிழையான வினையின் கீழ் ஒரு கோடு, அவ்வளவுதான், சரியான வடிவத்தை நீங்கள் எழுதாதீர்கள். கொப்பியைத் திருப்பிக் கொடுத்த பாடவேளையிலேயே பத்து நிமிடம் ஒதுக்கி, கோடிட்ட இடங்களைப் பிள்ளையே திருத்தவேண்டும். பெற்றோர் சிலர் பிழையைக் காணாமல் விட்டீர்களே என்று கேட்கக்கூடும் என்பதால், கொப்பியின் முதற் பக்கத்தில் இந்த ஒழுங்கை இரண்டு வரியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இதே ஆசிரியர், மேலே படிப்பதற்கு எங்கே போகலாம் என்றும் கேட்டிருக்கிறார். வேலையை விடாமல் படிக்க விரும்புவோருக்கு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் பொருத்தமானது. மட்டக்களப்பிலேயே அதன் நிலையம் இருக்கிறது, ஆங்கிலமும் ஆங்கிலம் கற்பித்தலும் இணைந்த பட்டப்படிப்பை அது நடத்துகிறது. இலங்கை ஆங்கில மொழி ஆசிரியர் சங்கத்தின் மாநாட்டுக்கு ஒரு முறையாவது போய்வாருங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்குப் பிரித்தானிய உச்சரிப்பைப் பழக்கவேண்டுமா? எனக்கே அது வராது.
– ஓர் ஆசிரியை, அக்கரைப்பற்று

பதில்: வேண்டியதில்லை. கேட்பவருக்குச் சொல் மாறி விளங்காத அளவுக்குத் தெளிவு இருந்தால் போதும். எந்த ஒலி மாறினால் பொருள் மாறுகிறதோ அங்கே மட்டும் உழையுங்கள். விலை என்ற சொல்லையும் பரிசு என்ற சொல்லையும் நாம் இரண்டையும் 'பிறைஸ்' என்றே சொல்லிவிடுகிறோம். இரண்டாவதில் கடைசி ஒலி தொண்டை அதிர வரவேண்டும். தமிழில் அந்த ஒலி இல்லை. ஆனால் உங்கள் வகுப்பில் குர்ஆன் ஓதப் பழகிய பிள்ளைகளிடம் அது ஏற்கெனவே இருக்கிறது: அரபியின் 'ஸாய்' எழுத்துக்குரிய ஒலி அதுவே. மேற்பல் கீழுதட்டைத் தொட வரும் 'ஃப' ஒலியும் அரபியில் உண்டு. மதரசாவில் துல்லியமாக ஒலிக்கும் பிள்ளை ஆங்கில வகுப்பில் அதை மறந்துவிடுகிறது. ஒரு தடவை நினைவூட்டிப் பாருங்கள்.

நம் தமிழ் தரும் ஒரு கொடையையும் சொல்லவேண்டும். 'வெற்றி' என்று சொல்லுங்கள், நாக்கின் நுனி மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் பல் ஈறின் மேட்டில் தொடுகிறது. 'பட்டம்' என்று சொன்னால் நாக்கு இன்னும் பின்னே மடிகிறது. ஆங்கிலத்தின் 'ரீ' எழுத்துக்குரிய ஒலி, 'வெற்றி'யில் நாக்குத் தொடும் அதே இடத்தில் பிறப்பது. நம் முன்னோர் 'பற்றரி', 'லைற்' என்று றகரம் போட்டு எழுதியது காதால் கேட்டு எழுதிய எழுத்து. சொல்லின் தொடக்கத்தில் அந்த ஒலி தமிழில் வராததால்தான் 'ரீச்சர்' என்று எழுதுகிறோம், சில பிள்ளைகள் அப்படியே சொல்லியும்விடுகிறார்கள். அவர்களை 'வெற்றி' என்று மெதுவாகச் சொல்லவைத்து, நாக்கு தொட்ட இடத்திலேயே நிறுத்தி, அங்கிருந்து 'ஈச்சர்' என்று விடச் சொல்லுங்கள். மூன்று நான்கு முயற்சியில் வந்துவிடும். பிறகு கைதட்டிச் சொல்லழுத்தம் பழக்கலாம். 'போட்டோகிராப்' என்பதில் அழுத்தம் முதலசையிலும் 'போட்டோகிராபி' என்பதில் இரண்டாமசையிலும் விழுவதைப் பிள்ளைகள் கைதட்டலில் எளிதாகப் பிடித்துக்கொள்வார்கள்.